கழுத்துவரை பெட்ரோல்

1

இந்தக் கதை என் கற்பனையில் உதித்தது என்று சொல்லத்தான் ஆசை. உண்மையில் இது, ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை கீழ்வீட்டு ரித்விக், "குரு, கொஞ்சம் கீழ வா, புனல் பிடிக்க ஆள் வேணும்" என்று கத்தியதில் உதித்தது.

புனல் பிடிப்பவனுக்குப் பேச வேண்டிய அவசியம் இல்லை. எனக்கு ஏற்ற வேலை. கதை எழுதுவதும் ஏறக்குறைய இதேதான்: வேறு யாரோ ஊற்றுகிறார்கள், நாம் சிந்தாமல் பார்த்துக்கொள்கிறோம். (இந்த வாக்கியத்தை அடித்துவிட நினைத்தேன். கொஞ்சம் பெருமையாக இருந்ததால் விட்டுவைத்தேன். பெருமையாக இருக்கும் வாக்கியங்களைத்தான் முதலில் அடிக்க வேண்டும் என்பதும் தெரியும்.)

விஷயம் இதுதான். இரண்டாயிரத்து இரண்டு டிசம்பரில், பெங்களூர் ஜெயநகரில், ஒரு மனிதன் தன்னுடைய ஸ்போர்ட்ஸ் காரைக் குளிர்காலத்துக்காகத் தூங்க வைத்தான். சாலை உறைந்துபோகும் நாடுகளில் செய்வதுபோல, பெட்ரோல் டேங்கிலிருந்து கார்புரேட்டர் வரைக்கும், ஒரு குழாய் விடாமல்.

அப்போது அவன் அரைக்கால் சட்டையும் கையில்லாத பனியனும் போட்டிருந்தான்.

2

எழுதி அடித்த தொடக்கங்கள்:

"வானத்திலிருந்து பனி கொட்டிக்கொண்டிருந்தது." பெங்களூரில் அப்படியெல்லாம் கொட்டாது. இந்த ஊரில் குளிர்காலம் என்பது மங்கி கேப் போட்டுக்கொண்டு பால் வாங்கப் போகிறவர்களின் எண்ணிக்கை.

"ரித்விக் ஒரு கொடூரமான" இல்லை. கொடூரமானவர்கள் புனல் பிடிக்க ஆள் கூப்பிட மாட்டார்கள்.

"அறுபத்தெட்டாம் ஆண்டு இங்கிலாந்தில் செய்த, இரண்டே இருக்கைகளும் மடக்குக் கூரையும் கொண்ட அந்தப் பச்சைக் காரை, ரித்விக் சிக்மகளூர்க் காப்பித் தோட்டக்காரர் ஒருவரிடமிருந்து வாங்கி" இது கதை அல்ல, விளம்பரம். ஆனால் விவரம் தேவைப்படுவதால் இருக்கட்டும்.

மற்ற விவரங்களையும் இங்கேயே இறக்கிவைத்துவிடுகிறேன். ரித்விக் மென்பொருள் கம்பெனியில் மேனேஜர். வீடு அவன் அப்பா சீனிவாசராகவன் கட்டியது. அவர் மாநிலத் தலைமைச் செயலகத்தில் இருந்தவர், இப்போது இல்லை. அவன் அம்மா அலர்மேல்மங்கை இருக்கிறார், நன்றாகவே இருக்கிறார். அவன் மனைவி நிருபமா ஊருக்கு வெளியே பொம்மசந்திராவில் ஒரு மருந்துத் தொழிற்சாலையின் லேபில் வேலை செய்கிறாள். மாத்திரைகள் எத்தனை காலம் கெடாமல் இருக்கும் என்று சோதித்துப் பார்க்கும் வேலை. நான் மாடியில் குடியிருப்பவன்.

3

ஒரு மனிதன் ஏன் இல்லாத குளிர்காலத்துக்குத் தயாராகிறான்? முதல் வரைவில் நான் எழுதிய காரணம் இது.

அந்த வகைக் காரை வைத்திருப்பவர்களுக்கு இன்டர்நெட்டில் ஒரு குழு உண்டு. அக்டோபர் வந்ததும் ஒவ்வொருவராக விடைபெற ஆரம்பிப்பார்கள். "என் செல்லத்தைப் போர்த்திப் படுக்கவைத்துவிட்டேன், ஏப்ரலில் பார்ப்போம்" என்று ஸ்வீடனிலிருந்து ஒருவர் எழுதுவார். கனடாவிலிருந்து ஒருவர் கண் கலங்குவார். உலகமே தூங்கப் போகும்போது ரித்விக் மட்டும் விழித்திருந்தான். தனக்கென்று ஒரு குளிர்காலம் இல்லாதது, கல்யாண வீட்டில் ஜிப்பா இல்லாமல் நிற்பது மாதிரி அவனை உறுத்தியது. ஒரு நாள் அவனும் எழுதினான்: "இங்கே இன்று காலை பதினாறு டிகிரி." உடனே அமெரிக்காவின் மினசோட்டாக்காரர் ஒருவர் உருகிப்போய் ஆறுதல் சொன்னார். அந்த ஊரில் வெப்பத்தை அளக்கும் கணக்கே வேறு. அந்தக் கணக்கில் பதினாறு என்றால் மூக்கு உறைந்துவிடும்.

ரித்விக் அவரைத் திருத்தவில்லை. நன்றி சொன்னான்.

அவன் அம்மாவுக்கு மட்டும் இது விளங்கவில்லை.

"ஏன்டா, இந்த ஊர்ல எங்கடா விண்டர்? நேக்கே ஒரு ஸ்வெட்டர் போறும். அதுக்குப் போறாதா?"

"அம்மா, இது கார்புரேட்டர் விஷயம். உனக்குப் புரியாது."

"நேக்குப் புரியாததெல்லாம் உனக்கு மட்டும் எப்படிடா புரியறது? என் வயத்துலேர்ந்துதானே வந்தே?"

* இந்த இடத்தில் ரெமிஜியஸ் என்று ஒரு மெக்கானிக்கை வைத்திருந்தேன். சிவாஜிநகரில் கடை. ஒரே வாக்கியத்தில் ரித்விக்கின் படிப்பையெல்லாம் தவிடுபொடியாக்குவார். எடுத்துவிட்டேன். நிஜமான ரெமிஜியஸ், ரித்விக் சொன்ன எல்லாவற்றுக்கும் "கரெக்ட் சார், அதான் சார்" என்று சொல்லி, புது பெட்ரோல் ஃபில்ட்டர் ஒன்றை விற்றுவிட்டுப் போனார்.

4

இனி செய்முறை. ரித்விக்கின் கையெல்லாம் கிரீஸ். எனவே குழுவிலிருந்து அச்செடுத்த தாள்களை நிருபமா படியில் உட்கார்ந்து படித்துச் சொன்னாள்.

"பெட்ரோல் பழசானா பிசின் மாதிரி ஆயிடுமாம். கார்புரேட்டர்ல இருக்கற சின்ன ஓட்டையெல்லாம் அடைச்சுக்குமாம்."

"அதான், அதான். எத்தனை நாள்லேன்னு போட்டிருக்கா?"

"மாசக்கணக்குல ஆகும்னு போட்டிருக்கு." அவள் கொஞ்சம் யோசித்தாள். "எங்க லேப்ல மாத்திரையை நாற்பது டிகிரில ஆறு மாசம் வெச்சுப் பாக்கறோம். பாதிக்கு ஒண்ணுமே ஆறதில்லை."

"நிரு, இது மாத்திரை இல்லை. அடுத்த லைனைப் படி."

அடுத்த வரி, பெட்ரோல் கெடாமலிருக்க அதில் கலக்கும் மருந்து. அது பெங்களூரில் கிடைக்காது. அமெரிக்கா போய்த் திரும்பிய அலுவலக நண்பன் காலுறைகளுக்கு நடுவே சுற்றிக் கொண்டுவந்திருந்தான். நான் புனலைப் பிடித்தேன். ரித்விக் ஊற்றினான், குழந்தைக்குச் சொட்டு மருந்து கொடுக்கும் முகத்தோடு.

"அடுத்தது?"

"டேங்கை ஃபுல்லா நிரப்பணும்."

ரித்விக் நிமிர்ந்தான். "ஃபுல்லாவா? காலி பண்ணிட்டு வெக்கலாம்னு இருந்தேனே."

"காலியா வெச்சா உள்ள ஈரக்காத்து தங்கித் துருப்பிடிக்குமாம். கழுத்துவரைக்கும் நிரப்பி, விரிய மட்டும் துளி இடம் விடச் சொல்லியிருக்கு. தடிச்ச எழுத்துல போட்டிருக்கு."

அவன் டேங்கின் மூடியைப் பார்த்தான். நிருபமாவைப் பார்த்தான். மறுபடி மூடியைப் பார்த்தான். ஏதோ கணக்கு உள்ளே ஓடியது. (அந்தக் கணக்கு என்ன என்று அப்போது எனக்குத் தெரியாது. தெரிந்ததுபோல எழுதிய இரண்டு பத்திகளைக் கிழித்தேன்.) தடித்த எழுத்தை மீறும் துணிவு அவனுக்கு இல்லை.

"பங்க் வரைக்கும் போய்ட்டு வந்துடலாம்" என்றான்.

நிருபமா எழுந்தாள். "நானும் வரட்டுமா?"

"ரெண்டே சீட்டுதானே நிரு. புனல் பிடிக்க இவன் வரணுமே."

பங்கில் பெட்ரோல் போட எதற்குப் புனல் என்று அவள் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை. அவள் உட்கார வேண்டிய இருக்கையில் நான் உட்கார்ந்தேன். என் மடியில் புனல் உட்கார்ந்து வந்தது.

திரும்பி வந்ததும் கடைசிக் கட்டம். காரின் பின்பக்கத்தில் பெட்ரோலை முன்னால் தள்ளுகிற ஒரு சின்ன மின்சாரப் பம்ப் இருக்கிறது. எஞ்சினை ஓடவிட்டு அந்தப் பம்பின் வயரைப் பிடுங்கிவிட வேண்டும். புதிதாகப் பெட்ரோல் வராததால், கார்புரேட்டரில் மிச்சமிருப்பதை எஞ்சின் குடித்துத் தீர்த்துவிட்டுத் தானாக அணையும். வயர் எங்கே இருக்கிறது என்று நிருபமா தாளைப் பார்த்துச் சொன்னாள். அவன் பிடுங்கினான். எஞ்சின் சிறிது நேரம் ஓடியது, விக்கியது, நின்றது. பேட்டரியின் ஒரு முனையையும் கழற்றிவிட்டான்.

ரித்விக் கிரீஸ் கையைத் துணியில் துடைத்தான்.

"அவ்வளவுதானா?" நிருபமா தாள்களை மடித்தாள்.

"அவ்வளவுதான். இனிமே ஏப்ரல் வரைக்கும் யாரும் தொடக்கூடாது."

யாரும் என்றால் யார்? எனக்கு ஓட்டத் தெரியாது. மாமிக்கு, அதாவது ரித்விக்கின் அம்மாவுக்கு, முட்டி வலி. அந்தப் போர்ட்டிகோவில் மிச்சமிருந்தது ஒரே ஒரு ஆள்.

5

மூன்றாம் வரைவில்தான் இது எனக்கு உறைத்தது. நிருபமாவுக்கு டிரைவிங் லைசென்ஸ் வந்தது நவம்பர் கடைசியில். ரித்விக்குக்குக் குளிர்காலம் வந்தது டிசம்பர் தொடக்கத்தில். அதற்கு முந்தைய டிசம்பர்களில் பெங்களூருக்குக் குளிர்காலமே வந்ததில்லை. அப்போதெல்லாம் கூரையை மடக்கிவிட்டு அவன் நந்திமலைக்குப் போய்வந்தான்.

ஆகவே இணையக் குழுவைக் காரணமாக வைத்து நான் எழுதியது முழுக்கவும்...

சரி, பொய் இல்லை. பாதி.

அவனை வில்லனாக்கிவிடலாமே என்கிறீர்கள். முயன்றேன். மனைவி கார் ஓட்டக்கூடாது என்று சொல்கிற ஆள் அல்ல ரித்விக். அப்படிச் சொல்கிறவர்களை இட்லி சாப்பிட்டுக்கொண்டே கிண்டல் செய்வான். டிரைவிங் ஸ்கூலில் அவளைச் சேர்த்துவிட்டதே அவன்தான். எல்லோரிடமும் சொல்லிக்கொண்டான். அவ்வளவு முற்போக்கான ஒருவனால் வாயைத் திறந்து "என் காரைத் தொடாதே" என்று சொல்ல முடியாது. அதனால் அவனுக்கு ஒரு பருவகாலம் தேவைப்பட்டது.

சிரிப்பு எங்கே என்றால், தடுக்க வேண்டும் என்பது மட்டும் நோக்கமாக இருந்திருந்தால் டேங்கை வடித்துக் காலி செய்திருக்கலாம். ஆனால் முறை என்று ஒன்று இருக்கிறதே. தடித்த எழுத்து இருக்கிறதே. செய்முறைத் தாளின் முன் அவன் உள்நோக்கம்கூடக் கைகட்டி நின்றது. விளைவு: புதிதாக லைசென்ஸ் வாங்கிய ஒருத்தியிடம், கழுத்துவரை நிரம்பிய டேங்க், புது ஃபில்ட்டர், மாதக்கணக்கில் கெடாத பெட்ரோல் எல்லாவற்றையும் ஒப்படைத்துவிட்டு, பம்பின் வயரையும் பேட்டரியின் ஒரு முனையையும் மட்டும் கழற்றிவிட்டு, சாவியை அம்மாவிடம் கொடுத்துவிட்டு, மூன்று மாத வேலையாக அமெரிக்காவுக்கு விமானம் ஏறினான்.

போனது மினசோட்டாவுக்கு. நான் வைத்த ஊர் அல்ல. அவன் கம்பெனி வைத்தது.

* "நிருபமாவையும் அவன் இதே மாதிரிதான்" என்று ஒரு வாக்கியம் இங்கே ஆரம்பித்தது. அடித்துவிட்டேன். அடித்த பிறகும் உங்களுக்குத் தோன்றினால் அதற்கு நான் பொறுப்பல்ல.

6

அந்த வீட்டு போன் ஹாலில், மாடிப்படி ஜன்னலை ஒட்டி இருக்கிறது. வெளிநாட்டு அழைப்பு என்றால் எல்லோரும் கத்துவார்கள். கேட்கக்கூடாது என்று நான் முடிவெடுப்பதற்குள் கேட்டு முடித்திருப்பேன். தூரத்துக் குரல் எல்லோருக்கும் கேட்கட்டும் என்று மாமி ஸ்பீக்கரை வேறு போட்டுவிடுவார்.

"நம்ப மாட்டே நிரு, இங்க எல்லாரும் பனியிலயே ஓட்டறா! எதிராத்துல ஒரு மாமி, எழுபது வயசிருக்கும். கண்ணாடியில இருக்கற பனியைச் சுரண்டித் தள்ளிட்டு ஜம்முனு கிளம்பிப் போறா!"

"அவ கார் தூங்காதா?"

"அது சாதாரணக் கார், நிரு."

ஜனவரியில் விஷயம் முற்றியது. நிருபமாவை ஏற்றிப்போகும் கம்பெனி பஸ்ஸை நிறுத்திவிட்டார்கள். அந்தத் தடத்தில் ஆள் குறைவாம். அவளுடைய லேபுக்கோ காலை ஆறு மணி ஷிப்ட் மட்டும்தான். அந்த நேரத்துக்குப் பொம்மசந்திரா போய்ச் சேர்க்கும் டவுன் பஸ் கிடையாது. ஆட்டோக்காரர்கள் பொம்மசந்திரா என்றதும் வேறு பக்கம் திரும்பிப் பார்த்தார்கள். திங்கட்கிழமையிலிருந்து நேரத்துக்கு வர முடியாதவர்கள் வேலையை விட்டுவிடலாம் என்று மேலாளர் மிகவும் மரியாதையாகச் சொல்லிவிட்டார்.

அதை அவள் போனில் ரித்விக்கிடம் சொன்னாள்.

"விட்டுடேன் நிரு. இங்க வேலை நீளும்போல இருக்கு, விசா வந்தா நீயும் இங்கதானே வரப்போறே."

"போர்ட்டிகோல ஒரு கார் சும்மா நிக்கறது."

கடல் தாண்டி வரும் பதில் சற்றுத் தாமதமாக வந்து சேரும். சேர்ந்தது.

"நிரு... அதைப் பாதியில எழுப்பக்கூடாது."

இதற்கு மேல் நான் எதையும் கற்பனை செய்ய வேண்டியிருக்கவில்லை.

7

சனிக்கிழமை துணி எடுக்க மொட்டைமாடிக்கு வந்த நிருபமா என் மேசையைப் பார்த்தாள்.

"எப்பப் பாத்தாலும் என்ன எழுதிண்டே இருக்கேள், சார்?"

"கதை."

"நான் இருக்கேனா அதுல?"

பெயரை மாற்றிவிடுவதாகச் சொன்னேன்.

"மாத்த வேண்டாம். முடிவு என்ன?"

மூன்று வைத்திருந்தேன். முதல் முடிவில் அவள் காரை எடுத்துக்கொண்டு போகிறாள், ஹோசூர் ரோட்டில் பாதி வழியில் அது நின்றுவிடுகிறது. (எல்லோருக்கும் திருப்தி தரும் முடிவு இது, ரித்விக் உட்பட.)

"ஏன் நிக்கும்?" என்றாள்.

"நின்றுவிடுகிறது..."

"பெட்ரோல் ஃபுல்லா இருக்கு. மருந்து கலந்திருக்கு. ஃபில்ட்டர் புதுசு. எதனால நிக்கும்னு சொல்லுங்கோ."

"கதைக்காக."

"கதைக்காகவெல்லாம் வண்டி நிக்காது, சார்."

இரண்டாவது முடிவைச் சொன்னேன். விடியல், திறந்த கூரை, காற்றில் பறக்கும் கூந்தல். அவள் வாய்விட்டுச் சிரித்தாள்.

"அந்த ரோட்டுல கார்த்தால சிமென்ட் லாரிதான் பறக்கும். நான் துப்பட்டாவை மூஞ்சியைச் சுத்திக் கட்டிண்டு, திருடன் மாதிரி போவேன். அதை எழுதுங்கோ."

மூன்றாவதில் அவள் ஒரு பழைய ஸ்கூட்டர் வாங்குகிறாள். நடைமுறைக்கு உகந்தது, யாரையும் புண்படுத்தாதது. இதை நான் தணிந்த குரலில் சொன்னேன். அவள் என்னைப் பார்த்துக்கொண்டே துணிகளை மடித்தாள்.

"உங்களுக்குக் கார் ஓட்டத் தெரியுமா, சார்?"

"தெரியாது."

"தெரியறது" என்றாள்.

8

ஞாயிறு சாயங்காலம். மறுபடியும் மாடிப்படி ஜன்னல்தான். (என் கதைகளில் ஜன்னல்கள் அதிகம் என்று ஒரு நண்பர் குறைசொன்னார். கதவுகள் அதிகமாக வேண்டுமென்றால் அதற்கு வேறு ஆளைப் பார்க்க வேண்டும்.)

மாமி கேட்டார்: "அவன்கிட்ட கேட்டியா?"

"கேட்டேம்மா. கூடாதுன்னுட்டார்."

"என்கிட்ட கேட்டியா?"

"இன்னும் இல்லை."

"கேக்காதே. கேட்டா நானும் கூடாதுன்னு சொல்ல வேண்டியிருக்கும். பெத்தவளாச்சே." பாத்திரம் நகரும் சத்தம். "சாவி சாமி அலமாரில, குங்குமச் சிமிழுக்குப் பின்னாடி இருக்கு. இதை நான் உனக்குச் சொல்லலை. சாமிகிட்ட சொல்லிண்டிருக்கேன்."

"அம்மா..."

"நாளைக்குக் கார்த்தால நான் எழுந்துக்கப் போறதில்லை. முட்டி வலி. அவன் போன் பண்ணிக் கேட்டா, எந்தச் சத்தமும் காதுல விழலைன்னுடுவேன்."

"மார்கழில நாலு மணிக்கே எழுந்து குளிப்பேளே. அவர் நம்ப மாட்டாரே."

"நம்பலைன்னா பனில வந்து பாக்கட்டும்." பாசமோ எரிச்சலோ மிஞ்சிப்போனால் மாமி கன்னடத்துக்கு மாறிவிடுவார். "ஹோகு, மலக்கோ. ஹோகம்மா, போய்ப் படு."

இங்கே முடித்திருந்தால் கதை அழகாக இருந்திருக்கும். இரண்டு பெண்கள், ஒரு சாவி, ஆசிரியருக்கு நல்ல பெயர். நான் முடித்தும்விட்டேன். அடியில் கோடு போட்டு, தேதியும் எழுதி, விளக்கை அணைத்துவிட்டுப் படுத்தேன்.

9

திங்கட்கிழமை. இன்னும் விடியவில்லை. மேசையில் உட்கார்ந்து, முடித்த கதையை மறுபடி திறந்திருக்கிறேன். காரணம், கீழே கார்.

பேட்டரி முனையை இறுக்கும் சத்தம் கேட்டது. பிறகு பம்ப் டிக் டிக்கென்று வேகமாகத் துடித்தது, கார்புரேட்டர் நிறைய நிறைய மெதுவானது, நின்றது. எஞ்சின் ஒரு முறை இருமியது. இரண்டாவது முறையில் பிடித்துக்கொண்டது. பெட்ரோல் கெடவில்லை. ரித்விக்கின் முறையில் ஒரு குறையும் இல்லை என்பதை அவன் இல்லாதபோதுதான் நிரூபிக்க முடிந்தது.

மாமி வீட்டில் விளக்கு எரியவில்லை. உள்ளே அவர் விழித்துக்கொண்டு, மிகுந்த கவனத்தோடு எதையும் கேட்காமல் இருக்கிறார்.

ஆனால் மூவருமே யோசிக்காத ஒரு சங்கடம் இருக்கிறது. போர்ட்டிகோவிலிருந்து தெருவுக்கு ஏற்றம். கேட்டை முன்கூட்டியே திறந்துவைக்காமல் அவள் வண்டியை அந்த ஏற்றத்துக்கு நகர்த்திவிட்டாள். கைபிரேக் பிடிக்காது. இறங்கினால் வண்டி பின்னால் உருண்டு சுவரில் இடிக்கும். ஓட்டுகிறவர் பிரேக்கிலிருந்து காலை எடுக்க முடியாது. கேட்டை வேறு யாராவதுதான் திறக்க வேண்டும்.

ஹார்ன் அடித்தது. ஒரே ஒரு முறை, சுருக்கமாக. தெருவை எழுப்பாமல் மாடியை மட்டும் எழுப்பும் அளவுக்கு.

மினசோட்டாவிலிருந்து ரித்விக் கேட்கப்போவது ஒரே கேள்வி: "கேட்டைத் திறந்தது யாரு?" மாமியிடம் பதில் இருக்கிறது. நிருபமாவிடம் லைசென்ஸ் இருக்கிறது. என்னிடம் மார்ச்சில் முடியும் வாடகை ஒப்பந்தம் இருக்கிறது. இதை ஆழமாக ஆராய எனக்குக் கொஞ்சம் நேரம் வேண்டும். ஆறு மணி ஷிப்டுக்கு அந்த நேரம் கிடையாது. பொம்மசந்திரா வாசலில் அவள் பெயருக்கு எதிரே இன்று ஒரு கையெழுத்து விழ வேண்டும். இல்லையென்றால் இனி விழாது.

நான்காவது முடிவு ஒன்று எழுத ஆரம்பித்தேன்: "அவன் எழுந்து படியிறங்கிப்..."

முடியவில்லை. இறங்காமலே இறங்கியதாக எழுத எனக்கு வரும், பழக்கம்தான். ஆனால் கீழே எஞ்சின் ஓடிக்கொண்டிருக்கிறது. அவள் ஒருத்தி அந்த வாக்கியத்தை நம்ப மாட்டாள்.

நீங்கள் இதுவரை சும்மா உட்கார்ந்து ரித்விக்கைப் பார்த்துச் சிரித்தீர்கள். என்னைப் பார்த்தும் சிரித்தீர்கள், பரவாயில்லை. கேட்டுக்குத் தாழ்ப்பாள் இரண்டு. மேலே இருப்பது சுலபம். கீழே இருப்பது முரண்டு பிடிக்கும், கேட்டைச் சற்றுத் தூக்கிப் பிடித்தால் வந்துவிடும். உள்பக்கமாக இழுத்துவிட்டு ஓரமாக நில்லுங்கள். ஏற்றத்தில் அவள் கொஞ்சம் வேகமாகத்தான் வருவாள்.

என் கையில் பேனா இருக்கிறது. உங்கள் கை சும்மாதானே இருக்கிறது.